கேசான், கேஃபென்ஸ்: கெர்னல் மெமரி பிழைகளில் நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

விடுவித்த மெமரியை மறுபடி தொடும் பிழையில், லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) விழுகிற இடம் ஒன்று, தப்பு நடந்த இடம் வேறு. சம்பந்தமே இல்லாத டிரைவர் மேல் பழி விழும். 2015இல் 4.0 பதிப்போடு வந்த கேசான் (KASAN) என்ற மெமரி பிழை கண்டறியும் கருவி, தவறாகத் தொட்ட கணத்திலேயே பிடித்துவிடுகிறது. தொட்டது எது, ஒதுக்கியது எது, விடுவித்தது எது என்று மூன்று ஸ்டாக் டிரேஸும் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) கிடைக்கும். சோதனைக் கணினியில் இதற்கு ஈடு இல்லை.

ஆனால் சும்மா வருவதில்லை. 8 பைட்டுக்கு 1 ஷேடோ பைட் (அந்த மெமரியைத் தொடலாமா என்ற குறிப்பு) என்ற கணக்கில் ராமில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். வேகமும் குறையும், அதனாலேயே இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் மோதுவதால் வரும் சில ரேஸ் பிழைகள் தலைகாட்டாமல் ஒளிந்துகொள்ளும். அப்போது கேசானை எடுத்துவிட்டு, பூட் வரியில் ஸ்லப் டிபக்கை (மெமரி ஒதுக்கியின் சோதனை முறை) பாய்சனோடு இயக்கிப் பாருங்கள்; விடுவித்த மெமரியை அது 6பி என்ற மதிப்பால் நிரப்பிவைக்கும். ஊப்ஸில் (கெர்னல் விழும்போது அச்சிடும் பிழை அறிக்கை) ஒரு ரெஜிஸ்டர் முழுக்க 6பி என்று ஹெக்ஸில் நிறைந்திருந்தால், அது விடுவித்த ஆப்ஜெக்டிலிருந்து (ஒதுக்கிய மெமரித் துண்டு) படித்த பாயிண்டர், அதாவது மெமரி முகவரி, என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கேசான் வழக்கமாக முதல் அறிக்கையோடு நிறுத்திக்கொள்ளும். அதுவே நல்லது. எல்லா அறிக்கைகளையும் காட்டும் மல்டி ஷாட்டை இயக்கினால் அடுத்தடுத்து வருபவை பெரும்பாலும் முதல் சேதத்தின் பின்விளைவுகள்தான்.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களுக்கு 5.12இல் வந்த கேஃபென்ஸ் (KFENCE) போதும்; அது எல்லா ஒதுக்கீட்டையும் பார்க்காமல் அவ்வப்போது ஒன்றை மட்டும் கண்காணிக்கும். இயல்பாக 255 ஆப்ஜெக்டுகள், 100 மில்லி செகண்டுக்கு ஒரு மாதிரி, மொத்தம் சுமார் 2 எம்பி. மாதிரி எடுத்துப் பார்ப்பதால் ஒரே கணினியில் நாளெல்லாம் காத்திருந்தும் ஒன்றும் சிக்காமல் போகலாம். பல கணினிகளில் மாதக்கணக்கில் விட்டால்தான் பலன். இடைவெளியை மட்டும் குறைத்தால், நீண்ட நாள் உயிரோடு இருக்கும் ஆப்ஜெக்டுகள் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆப்ஜெக்டுகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே கூட்டுங்கள்.

திருத்தத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். விடுவித்த கையோடு பாயிண்டரை நல் (NULL, வெற்று முகவரி) ஆக்குவது மருந்தே அல்ல. இன்னொரு சிபியூ அதே முகவரியை ஏற்கெனவே படித்து வைத்திருக்கலாம். விடுவித்த டிரேஸைப் பிடித்து, அந்த நேரத்தில் வேறு எது ஆப்ஜெக்டை வைத்திருக்கிறது என்று தேட வேண்டும். பூட்டில்லாமல் படிக்கவிடும் ஆர்சியூ (RCU) பட்டியலிலிருந்து நீக்கியதும் நேராக, மெமரியை விடுவிக்கும் கேஃப்ரீ (kfree) அழைத்திருந்தால், படிப்பவர்கள் முடிக்கும்வரை காத்திருந்து விடுவிக்கும் கேஃப்ரீ ஆர்சியூவுக்கு (kfree_rcu) மாற்றுங்கள். டிரைவரை அகற்றும் பாதையில் டைமரும் வொர்க்கும் (பின்னர் ஓடத் தள்ளிவைத்த வேலைகள்) முழுதாக நிற்கும்வரை காத்திருந்த பிறகே விடுவிக்க வேண்டும். ஆப்ஜெக்டை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கைக்கு வெறும் அட்டாமிக்கை (பல சிபியூக்கள் பாதுகாப்பாக மாற்றக்கூடிய எண்) விட ரெஃப்கவுண்ட் (refcount_t) வகை மேல்: எண்ணிக்கை வரம்பு மீறினால் எச்சரித்து, அங்கேயே உறைந்துவிடும்.

பேட்ச் போட்டபின் கேஃபென்ஸ் அமைதியாக இருப்பதைச் சான்றாக எடுக்காதீர்கள். பழைய கெர்னலில் கேசானைத் தவறாமல் கத்தவைக்கும் டெஸ்டை முதலில் எழுதி, அதையே புதிய கெர்னலில் இரவு முழுக்க ஓடவிடுங்கள்.