60 வாட் போதுமா? பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையருடன் நெடுநாள் அனுபவம்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில், சேனலுக்கு (இடம், வலம் ஒவ்வொன்றுக்கும்) 60 வாட் தரும் ஏபி வகுப்பு ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் (வகுப்பு என்பது அதன் மின்சுற்று இயங்கும் முறை), 87 டெசிபெல் உணர்திறன் கொண்ட புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் இணை ஒன்றும் பல ஆண்டுகளாக அன்றாடப் பயன்பாட்டில் இருக்கின்றன. ஸ்பீக்கர்களுக்கும் நான் அமரும் நாற்காலிக்கும் இடையே இரண்டரை மீட்டர் தூரம். வீட்டுக்கு வரும் நண்பர்கள் முதலில் கேட்பது வாட் கணக்கைத்தான். 60 என்றதும், 100க்கோ 200க்கோ மாறிவிடலாமே என்ற யோசனையும் உடனே வரும். இத்தனை காலம் கேட்டதிலும் அளந்து பார்த்ததிலும் எனக்கு உறுதியானது இதுதான்: இந்த அளவு அறைக்கும் இந்த ஸ்பீக்கருக்கும், நேர்மையாகக் குறிக்கப்பட்ட 60 வாட் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

டெசிபெல் என்பது ஒலி அளவின் அலகு. உணர்திறன் 87 டெசிபெல் என்றால், 8 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கருக்கு ஒரு வாட், அதாவது 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளக்கும்போது அந்த அளவு ஒலி கிடைக்கும் என்பது பொருள். திறந்தவெளியில் இரண்டரை மீட்டருக்கு நகர்ந்தால் சுமார் 8 டெசிபெல் குறையும். ஆனால் இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்ந்து ஒலிப்பதால் 3 டெசிபெல் கூடுகிறது. சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்கிறது. ஆக, சேனலுக்கு ஒரு வாட் செலவில் என் நாற்காலியில் ஏறத்தாழ 84 டெசிபெல் கிடைக்கிறது. மாலை வேளைகளில் நாங்கள் நிறைவாகக் கேட்கும் சராசரி அளவோ 75 டெசிபெல்தான். அதற்கு வேண்டியது ஒரு வாட்டில் எட்டில் ஒரு பங்கு. இசையின் உச்சங்கள் சராசரியைவிட 20 டெசிபெல் உயர்ந்து எழுந்தாலும், அந்தக் கணத்துக்குத் தேவைப்படுவது 12 அல்லது 13 வாட்.

கணக்கை மட்டும் நம்பாமல், வீட்டிலேயே சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. வழக்கமாகக் கேட்கும் பாடல்களை, இதற்கு மேல் வேண்டாம் என்று தோன்றும் அளவுவரை உயர்த்தி, வால்யூம் குமிழைத் தொடாமல் அப்படியே விட வேண்டும். பிறகு ஆம்ப்ளிஃபையரை அணைத்து, ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றி, மீண்டும் இயக்கி, பதிவில் இடம்பெறக்கூடிய உச்ச அளவுக்கு 12 டெசிபெல் கீழே பதிவான 60 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓட்டி, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு 3 வோல்ட் காட்டியது. 12 டெசிபெல் என்பது மின்னழுத்தத்தில் நான்கு மடங்கு என்பதால், பதிவு உச்சத்தைத் தொடும்போது 12 வோல்ட் போகும். 8 ஓமில் அது 18 வாட். 60 வாட் தரும் என் ஆம்ப்ளிஃபையரின் எல்லையோ, அதே 8 ஓமில், சுமார் 22 வோல்ட். ஆகவே மிகச் சத்தமாகக் கேட்கும் நாளிலும் எனக்கு 5 டெசிபெல் மிச்சம் இருக்கிறது. வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. ஸ்பீக்கர் இணைக்கப்படாமல் இயக்கினால் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் சேதமடையலாம்.

60 வாட்டிலிருந்து 120க்கு மாறினால் கூடுவது வெறும் 3 டெசிபெல். காதுக்கு அது தெரியும், ஆனால் சிறிய மாற்றமாகவே தெரியும். இரு மடங்கு சத்தம் என்ற உணர்வு வர ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும். அதற்கு 600 வாட் தேவை. விலைப் பட்டியலில் பெரிதாகத் தெரியும் வித்தியாசம் காதில் அப்படித் தெரியாததற்குக் காரணம் இதுவே. 1978இல் வெளிவந்த என்ஏடி 3020 என்ற ஆம்ப்ளிஃபையர் சேனலுக்கு 20 வாட் என்ற குறிப்போடு விற்கப்பட்டு, உலகெங்கும் எண்ணற்ற வீடுகளில் போதுமானதாக இருந்தது. குறுகிய உச்சங்களில் குறித்த அளவுக்கும் மேலே அதனால் தர முடிந்தது அதன் பலம்.

எந்த இசையைக் கேட்கிறோம் என்பதும் இதில் சேர்ந்தது. இன்றைய திரைப்பாடல்களில் பல மிகவும் அழுத்திப் பதிவு செய்யப்படுகின்றன. அவற்றில் உச்சத்துக்கும் சராசரிக்கும் இடைவெளி குறைவு, ஆகவே சத்தமாகத் தோன்றினாலும் உச்சத்துக்கென்று தனியாக அதிக வாட் கேட்பதில்லை. கச்சேரியின் நேரடிப் பதிவு வேறு வகை. தவிலின் ஒவ்வோர் அடியும் ஒரு கண நேர உச்சம். உருமி மேளத்தின் நல்ல பதிவும் அப்படித்தான். உச்சம் எட்டாத ஆம்ப்ளிஃபையரில் அந்த அடி க்ளிப் ஆகி, அலையின் முகடு வெட்டுப்பட்டு, தோலின் அதிர்வு போய் ஒரு தட்டையான சத்தம்தான் மிஞ்சும். தொடர்ந்து க்ளிப் ஆனால் மேல் அதிர்வெண்களில் கூடுதல் ஆற்றல் உருவாகி, அவற்றை ஒலிக்கும் சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டரையும் சூடாக்கும். தவிலுக்கு வேண்டிய இடைவெளி என் அமைப்பில் இருக்கிறது என்பதையே நான் அதன் மிகப் பெரிய நிறைவாகக் கருதுகிறேன்.

வாங்கும்போது வாட் எண்ணை எப்படிக் குறித்திருக்கிறார்கள் என்று பார்ப்பது அவசியம். பிஎம்பிஓ (கண நேர உச்சத் திறன்) என்று பெட்டியில் அச்சிடப்படும் ஆயிரக்கணக்கான வாட்டுகளுக்கு அளவீட்டு மதிப்பே கிடையாது. இரண்டு சேனல்களும் ஒருசேர இயங்க, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, எத்தனை ஓமில், எவ்வளவு சிதைவோடு என்ற விவரங்கள் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. 8 ஓம் என்று குறிக்கப்பட்ட ஸ்பீக்கரும் சில அதிர்வெண்களில் 4 ஓமுக்கு அருகில் இறங்கக்கூடும்; அப்போது ஆம்ப்ளிஃபையர் இரு மடங்கு மின்னோட்டம் தர வேண்டியிருக்கும். என்னுடையது 4 ஓமில் 100 வாட் தருவதாகக் குறிக்கப்பட்டது. 8 ஓமில் பெரிய எண்ணைக் காட்டி 4 ஓமைப் பற்றி மௌனம் காக்கும் கருவியைவிட இதையே நான் நம்புவேன்.

கோலாலம்பூரின் வெப்பத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஏ வகுப்பு ஆம்ப்ளிஃபையர் பாட்டே ஓடாத நேரத்திலும் மின்சாரத்தை வெப்பமாக்கிக்கொண்டே இருக்கும். அந்த வெப்பத்தை ஏர்கான் மறுபடி வெளியேற்ற வேண்டும். டி வகுப்பில் இந்தச் சுமை மிகக் குறைவு. என் ஏபி வகுப்புக் கருவி மிதமான சூட்டோடு நிற்கிறது, மேலே ஒரு சாண் இடம் விட்டிருப்பதால்.

60 வாட் எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். காஜாங்கில் தரை வீட்டில் இருக்கும் என் மைத்துனரின் ஸ்பீக்கர் 83 டெசிபெல். அவர் நான்கு மீட்டர் தள்ளி அமர்கிறார். 80 டெசிபெல் சராசரியில் கேட்கிறார். என் தேவையைவிட உணர்திறனில் 4, அறைக்குள் தூரத்தில் சுமார் 3, விருப்பத்தில் 5 என்று 12 டெசிபெல் கூடுகிறது; அது என் 12, 13 வாட்டைப் போல் பதினாறு மடங்கு, அதாவது உச்சத்தில் சுமார் 200 வாட். அவருக்கு 200 வாட் ஆம்ப்ளிஃபையரை வாங்கச் சொன்னவன் நான்தான். அத்தனை வாட்டை அந்த ஸ்பீக்கர் தாங்குமா என்பதையும் தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்த பிறகே சொன்னேன்.