அமெரிக்கக் கல்லூரி 'உறுதி' என்று சொல்லும் ஏஜென்சி: கொழும்புப் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

பிள்ளையை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்ப நினைக்கிற பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஏஜென்சி, பெயர்பெற்ற கல்லூரியில் ஸ்கொலர்ஷிப்போடு இடம் உறுதி என்று சொல்லி எங்களிடம் நாலரை லட்சம் ரூபாய் வாங்கியது. காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும். என் மகளின் பெயரில் அவர்கள் எழுதி அனுப்பிய பொய்யைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

உயர்தரம் எழுதிய பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு இந்த நெருக்கடி புதிதல்ல. அரச பல்கலைக்கழக இடங்கள் பெரும்பாலான துறைகளுக்கு இப்படித்தான் பிரிக்கப்படுகின்றன: 40 வீதம் தேசிய மட்டத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். கொழும்பு மாவட்டத்தில் பிறந்து படித்த பிள்ளை நல்ல பெறுபேறு எடுத்தும் வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுகிறது. கலியாண வீட்டில் கேட்கிறார்கள், கோயிலில் கேட்கிறார்கள், லிஃப்டில்கூடக் கேட்கிறார்கள்: "மகளுக்கு என்ன கிடைச்சது?" பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி வெளிவந்த கையோடு இந்த ஏஜென்சிகள் இலவச செமினார் வைப்பது அதனால்தான். பெற்றோர் எந்த மனநிலையில் வருவார்கள் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

"அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதீங்கோ. மகளின்ர ரிசல்ட்டுக்கு ஹார்வர்ட், யேல் மட்டத்திலேயே போடுவம். அங்க அட்மிஷன் ஒஃபீஸில எங்களுக்கு ஆள் இருக்கு." அங்கே எங்களோடு கதைத்தவர் சொன்ன வார்த்தைகள் இவை.

இதில் ஒன்றுகூட உண்மையில்லை. அந்த மட்டத்துக் கல்லூரிகள் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேரைக்கூட எடுப்பதில்லை. பெறுபேற்றுக்கு ஸ்கொலர்ஷிப் கொடுக்கும் வழக்கமும் ஹார்வர்ட், யேல் உட்பட்ட ஐவி லீக் கல்லூரிகளில் இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்து, தேவைக்கேற்ப மட்டும்தான் உதவி கொடுப்பார்கள். 'உள்ளே ஆள் இருக்கு' என்ற கதைக்கு அமெரிக்காவிலேயே ஒரு வழக்கு நடந்தது. ரிக் சிங்கர் என்பவர் போலி விளையாட்டு வீரர்களையும் போலிப் பரீட்சைப் புள்ளிகளையும் காட்டி, பணக்காரப் பிள்ளைகளைப் பெரிய கல்லூரிகளுக்குள் நுழைத்தார். 2019இல் விஷயம் வெளியே வந்தது. 2023இல் அவருக்கு மூன்றரை வருடச் சிறை. காசு கொடுத்த பெற்றோரும் சிறைக்குப் போனார்கள்.

எங்கள் விஷயம் வெளிவந்தது பாடசாலையில். வேறொரு அலுவலாகப் போனபோது, உப அதிபரிடம் சிபாரிசுக் கடிதங்களுக்கு நன்றி சொன்னேன். மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எந்தக் கடிதம்? எங்களிட்ட ஒருவரும் ஒன்றும் கேட்கேல்லையே."

காமன் ஆப் என்ற இணையத்தளம் வழியாகத்தான் பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அதில் மாணவர் தன் பாடசாலை ஆலோசகரின் மின்னஞ்சலைக் கொடுக்க வேண்டும். பெறுபேற்று விவரமும் சிபாரிசும் பாடசாலையிலிருந்து நேரே போக வேண்டும். ஏஜென்சி உப அதிபரின் பெயரில் தானே ஒரு ஜிமெயில் திறந்து, தானே கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறது. மகளின் கணக்கும் பாஸ்வேர்டும் தொடக்கத்திலிருந்தே அவர்கள் கையில்தான். 'சிஸ்டத்தில் பிழை வராமல் இருக்க நாங்களே வைத்திருப்பம்' என்று காரணம் சொன்னார்கள்.

மகள் விடாமல் கேட்டதில், அங்கே வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். 650 சொற்களுக்குள், மாணவர் தன்னைப் பற்றித் தானே எழுத வேண்டிய கட்டுரை அது. முதல் வரி இப்படி: முள்ளிவாய்க்காலில் என் அண்ணா இறந்தபோது எனக்கு இரண்டு வயது.

என் மகளுக்கு அண்ணா இல்லை. ஒரு தம்பி இருக்கிறான், அவன் அந்த நேரம் பக்கத்து அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் எங்கள் சொந்தத்திலேயே, முள்ளிவாய்க்காலில் உண்மையாகப் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு மச்சாள் இருக்கிறார். அந்தத் துக்கத்தை எடுத்து என் பிள்ளையின் வாயில் வைத்து விற்றிருக்கிறார்கள். பிறகு விசாரித்தால், இன்னொரு வீட்டுப் பையனின் கட்டுரையிலும் இதே முதல் பந்தி. அவனுக்கு அக்கா இறந்ததாக எழுதியிருந்தார்கள்.

விண்ணப்பத்தை அனுப்பும்போது, எல்லாம் உண்மை, என் சொந்த எழுத்து என்று மாணவர் உறுதி கொடுக்க வேண்டும். பொய்யென்று தெரிந்தால் கிடைத்த இடம் போகும், படித்து முடித்த பின் பட்டமே பறிபோகலாம். அகப்படுவது பிள்ளை, ஏஜென்சி அல்ல. மகள் கல்லூரிகளுக்குத் தானே மின்னஞ்சல் எழுதி, நடந்ததைச் சொல்லி, விண்ணப்பங்களை மீளப் பெற்றுக்கொண்டாள். அழுதுகொண்டுதான் எழுதினாள், ஆனாலும் எழுதினாள்.

காசைக் கேட்டபோது ரசீதைக் காட்டினார்கள். 'ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படமாட்டாது' என்று மட்டும் இருக்கிறது. உறுதி என்ற சொல்லைக் காணவில்லை. விண்ணப்பக் கட்டணமென்று கல்லூரிக்கு 150 டொலர் வீதம் வாங்கியிருந்தார்கள். உண்மையில் அது அநேகமாக 100 டொலருக்குள்தான், கல்லூரிக்கு நேரே கட்டலாம். வசதி குறைந்தவர்கள் விலக்கும் கேட்கலாம். இதற்கெல்லாம் பதிலாக, அதிகம் யாரும் கேள்விப்படாத வேறொரு கல்லூரியின் அனுமதிக் கடிதத்தை நீட்டி "இதுக்குப் போங்கோவன்" என்றார்கள். விண்ணப்பிக்கும் அநேகமாக எல்லோரையும் எடுக்கிற கல்லூரி அது. அங்கே சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏஜென்சிக்குக் கமிஷன் உண்டு என்று பிறகு தெரிந்தது.

உங்களில் யாராவது இப்போது இப்படி ஓர் இடத்தில் காசு கட்டியிருந்தால், இன்றைக்கே கணக்கின் பாஸ்வேர்டை வாங்கி, பிள்ளையோடு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். தர மறுத்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். பாடசாலையில் போய், கடிதம் கேட்டு ஏதாவது வந்ததா என்று விசாரியுங்கள். கொழும்பில் அமெரிக்க–இலங்கை புல்பிரைட் ஆணைக்குழுவில் எடியுகேஷன் யுஎஸ்ஏ என்ற அமெரிக்க அரசின் கல்வி ஆலோசனை இருக்கிறது. கல்லூரிகளுக்குக் கமிஷனுக்கு ஆள் பிடிக்கும் இடமல்ல அது. சந்தேகங்களை அங்கே கேளுங்கள்.

நாங்கள் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் அறிவித்திருக்கிறோம். காசு இன்னும் வரவில்லை. இதே மாதிரி அகப்பட்ட மற்றப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு அடுத்த நடவடிக்கைக்குப் போகிறோம். உங்களிடம் இருக்கும் ரசீது, வங்கிச் சீட்டு, வாட்ஸ்அப் குரல்பதிவு எதையும் அழிக்காமல் எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள். பிள்ளையின் பெயர் வெளியே வராது.