மோட்டாரைக் கழற்றாமல் ஆறு வருடம்

நண்பர் ஒருவர் பழைய கேட்டலினா 22 பாய்மரப் படகு வாங்கப் போகிறார். பாய், கீல் (படகு கவிழாமல் அடியில் இருக்கும் கனமான துடுப்பு), விலை எல்லாம் அவரே அலசிவிட்டார். என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ட்ரெய்லரில் இழுக்கும்போது மோட்டார் பின்னாடி மாட்டியபடியே இருக்கலாமா?" சரியான ஆளிடம்தான் கேட்டார். போன மாதம்தான் அதற்கான பில்லைக் கட்டினேன்.

ஆறு வருடமாக நான் கழற்றவே இல்லை. 6 குதிரைசக்தி, ஃபோர் ஸ்ட்ரோக், நீள ஷாஃப்ட், 27 கிலோ. படகு ட்ரெய்லரில் ஏறிவிட்டால் மோட்டார் மாட்டும் பிராக்கெட் தலைக்கு மேலே போய்விடும். ஒரு சிப்பம் அரிசியைக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கிப் பாருங்கள், அதுவும் எண்ணெய் பூசிய சிப்பம், அப்போது தெரியும் நான் ஏன் கழற்றவில்லை என்று. மாட்டியே இருந்தால் செயின்ட் கிளேர் ஏரியில் படகை இறக்கி, கயிற்றை ஒரு இழு இழுத்தால் கிளம்பிவிடலாம். பக்கத்தில் இன்னொருவர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வேர்த்து நிற்பதைப் பார்ப்பது தனி சுகம்.

ஆனால் வருடம் ஒரு முறை டிராவர்ஸ் சிட்டி போவோம், 400 கிலோமீட்டர். பனி உருகிய பிறகு மிச்சிகன் ரோடு எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த 27 கிலோ சுத்தியலாக மாறி, படகுக்கு வெளியே தொங்கியபடி பின்பலகையைப் பிடித்து உலுக்குகிறது. ப்ரொப்பல்லர் பக்கம் தரையில் தட்டுமோ என்று பயந்து நான் சாய்த்து வேறு வைத்திருந்தேன். சாய்த்தால் பாரம் இன்னும் வெளியே தள்ளிப்போகும், அதைத் தாங்குவது விரல் அளவு கொக்கி ஒன்றுதான். ரோட்டில் அதை நம்பாதே என்று கையேட்டிலேயே எழுதியிருந்தது, பில் வந்த பிறகுதான் படித்தேன்.

பிராக்கெட் போல்ட்டைச் சுற்றி ஜெல்கோட்டில் (ஃபைபர் படகின் வழவழப்பான மேல்பூச்சு) முடி போலக் கீறல்கள். பெயின்ட்தானே என்று இரண்டு சீசன் விட்டேன். அது வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே பலத்துக்கு வைத்திருந்த பிளைவுட் ஊறின பிஸ்கட் மாதிரி ஆகிவிட்டது. படகைக் குறை சொல்ல மாட்டேன், குற்றம் முழுக்க என்னுடையது. (பழுது பார்த்தவர் மூன்று வாரம் என்று சொல்லி ஏழு வாரம் இழுத்தார், அந்தக் கோபம் தனி.)

இன்னொன்று, ஹிட்ச் பாரம், அதாவது வண்டியோடு ட்ரெய்லரை மாட்டும் கொக்கியில் அழுத்தும் எடை. எல்லாம் சேர்த்து 1,500 கிலோ இழுக்கிறோம் என்றால் குறைந்தது 150 கிலோ ஹிட்ச்சில் அழுத்த வேண்டும். மோட்டார் ட்ரெய்லரின் சக்கர அச்சுக்கு 3 மீட்டர் பின்னால், ஹிட்ச் 4.5 மீட்டர் முன்னால் என்று வையுங்கள், 18 கிலோ அங்கே குறைந்துவிடும். அங்கே பாரம் குறைந்தால் ட்ரெய்லர் ஆடும். லாரி ஒன்று தாண்டும்போது ட்ரெய்லர் வால் ஆட்டியது ஏன் என்று வருடக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தேன்!

கழற்றினாலும் நிம்மதி இல்லை. கையேடு சொல்லும் பக்கமாகத்தான் படுக்க வைக்க வேண்டும், மாற்றிப் படுத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் போய்விடும். கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் வாடைக்கு வீட்டில் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இருக்காது.

நண்பரிடம் சொல்லிவிட்டேன்: கழற்றுங்கள், யோசிக்கவே வேண்டாம். அப்புறம், இந்தச் சனிக்கிழமை நான் செயின்ட் கிளேர் போகிறேன். இருபது நிமிட தூரம்தானே, மோட்டாரைப் புதுப் பலகையில் நேற்றே மாட்டியாயிற்று. இந்தத் தடவை சாய்க்கவில்லை, ஒரு பெல்ட் கூடுதலாகப் போட்டிருக்கிறேன்.