கயிறு இழுக்கும் ஜெனரேட்டரா, தானாக ஓடும் ஜெனரேட்டரா?

வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்கலாம் என்று பேச்சு எடுத்தால் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை கேவிஏ?" என்றுதான், அதாவது எவ்வளவு திறன் என்று. நான் கேட்பது வேறு. எங்கே வைப்பீர்கள்? வீட்டு வயரிங்கோடு எப்படி இணைப்பீர்கள்? உயிரை வாங்கும் தவறுகள் பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான் நடக்கின்றன. ஆறு வருடம் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் பெட்ரோல் ஜெனரேட்டரை வைத்திருந்துவிட்டு, இப்போது தளம் போட்டு நிறுத்திய தானியங்கி ஜெனரேட்டரோடு இருக்கிறேன். இரண்டையும் இந்தக் கண்ணோடு பார்க்கிறேன்.

முதலில் புகை. இன்ஜின் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று ஆரம்பிப்பதால் ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். படுத்தவர் எழுந்திருக்காமலே போகலாம்.

கயிறு இழுக்கும் கையடக்க ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் போகும்படி வைக்க வேண்டும். இது எனக்கும் தெரியும். ஆனால் ஒருநாள் ராத்திரி மழை பிடித்தது. இன்ஜின் நனைகிறதே என்று போர்டிகோவுக்குள் இழுத்து வைத்தேன். நாலு பக்கமும் திறந்த இடம்தானே என்ற நினைப்பு. பத்து நிமிடத்தில் முன்னறையில் புகை நெடி. ஜன்னல் சாத்தியிருந்தும் இடுக்கு வழியாக வந்திருக்கிறது. நெடி வந்ததால் தப்பித்தோம். நெடியே இல்லாமலும் இந்த வாயு வரும் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. கதவைத் திறந்து வைத்தாலும் மின்விசிறி போட்டாலும் இதற்குப் போதாது.

நிலையான ஜெனரேட்டர் இங்கே தெளிவாக முந்துகிறது. அதற்கு மழை தாங்கும் கூடு உண்டு, அதனால் உள்ளே இழுக்கும் ஆசை வராது. கதவு, ஜன்னல், காற்றுத் துவாரம் எதிலிருந்தும் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று பல கையேடுகள் சொல்கின்றன. இடம் இருந்தால் இன்னும் தள்ளியே வையுங்கள். ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: நீங்கள் தூங்கும்போது அதுவாக ஓட ஆரம்பிக்கும். அதனால் எதை வாங்கினாலும் படுக்கையறைப் பக்கம் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது இணைப்பு. இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரைச் சிலர் தாங்களே செய்துகொள்கிறார்கள். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை சுவர் பாயிண்டில். அதை ஒருவர் பெருமையாக என்னிடம் காட்டினார். ஜெனரேட்டர் பக்கம் செருகியாயிற்று, மறுமுனையின் பித்தளைப் பின்கள் கையில் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன. ஓடும்போது அந்தப் பின்களில் முழு மின்சாரம் இருக்கும். அதைவிட மோசம், மெயினை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் வெளியே லைனுக்குப் போகும். தெருவிலிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அப்போது தலைகீழாக வேலை செய்து ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அது செத்த லைன் என்று நம்பித் தொடுவார். அந்த வயர் எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது.

இதற்கு விடை சேஞ்ச் ஓவர் சுவிட்ச். கையால் திருப்புகிற வகையில் கைப்பிடி ஒரு பக்கம் மெயின், நடுவில் பூஜ்யம், மறுபக்கம் ஜெனரேட்டர். 'டக்'கென்று விழும் அந்தச் சத்தத்தோடு ஒரு பக்கம் முழுதாக விட்ட பிறகுதான் மறுபக்கம் சேரும். இரண்டும் ஒன்றாகச் சேர வழியே இல்லை. தானியங்கி வகையான ஏடிஎஸ் இதையே தானாகச் செய்கிறது: கரண்ட் போனதும் இன்ஜினைக் கிளப்பி, வோல்ட்டேஜ் நிலைத்ததும் மாற்றிவிடும். பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

பாதுகாப்பில் இரண்டும் சமம் என்றே சொல்வேன். வசதியில் ஏடிஎஸ் மேல். ஒன்று மட்டும் கவனம்: அது எந்த நேரமும் கிளம்பும். ஆயில் பார்க்கவோ பெல்ட்டைத் தொடவோ போனால் முதலில் 'ஆஃப்' நிலைக்குக் கொண்டுவந்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றிவிடுங்கள். நியூட்ரல், எர்த் விஷயத்தை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள். அந்த இரண்டும் ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் சேர்ந்திருந்தால் கசிவைக் கண்டு துண்டிக்கும் பிரேக்கர் சரியாக வேலை செய்யாது.

எரிபொருளில் பெட்ரோல்தான் எனக்குப் பயம். சூடான சைலன்சர் பக்கத்தில் கேனைச் சாய்ப்பது தீயை அழைப்பதுதான். அணைத்து, கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். சில மாதம் சும்மா கிடந்தால் கார்புரேட்டரில் பிசின் போலப் படியும், தேவைப்படும் நாளில் கயிறு இழுத்து இழுத்துத் தோளே கழன்றுவிடும். டீசல் அவ்வளவு சுலபமாகத் தீப்பிடிக்காது. குழாய் வழி வரும் எரிவாயு என்றால் ஊற்றும் வேலையே இல்லை.

கேவிஏ விஷயம் இப்போது. தண்ணீர் மோட்டார், ஏசி மாதிரி மோட்டார் உள்ளவை கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல 5 முதல் 7 மடங்கு வரை இழுக்கும். அதற்கு இடம் வேண்டும். அதற்காக மிகப் பெரிய டீசல் செட் வாங்கி விளக்கு மட்டும் எரித்தாலும் கெடுதல்தான். திறனில் 30 சதவீதத்துக்கும் கீழே நெடுநேரம் ஓடினால் எரியாத டீசல் புகைக்குழாயில் படியும். விளக்கும் மின்விசிறியும் மட்டும் போதும் என்றால் பேட்டரி இன்வெர்ட்டர் போதும். ஜெனரேட்டர் வேண்டாம்.

சொந்த வீடு, அடிக்கடி நீண்ட மின்தடை, வயதானவர்கள் இருக்கிறார்கள் என்றால் ஏடிஎஸ்ஸோடு நிலையான ஜெனரேட்டரைத்தான் சொல்வேன். வாடகை வீடு என்றால் கையடக்கமும் கையால் திருப்பும் சேஞ்ச் ஓவரும் போதும். அதைப் பொருத்த உரிமையாளர் சம்மதிக்கவில்லையா? சரி, ஜெனரேட்டரை வெளியே தள்ளி வைத்து, தடிமனான எக்ஸ்டென்ஷன் வயரில் ஃப்ரிட்ஜையும் இரண்டு விளக்கையும் நேரடியாக இணைத்து ஓட்டுங்கள். சுவரில் இருக்கும் பாயிண்டுக்கும் ஜெனரேட்டருக்கும் எந்தச் சம்பந்தமும் வேண்டாம்.