சும்மா வந்த ரொட்டிக்கு 349 ரூபாய்

தென்சென்னையில் ஒரு மால். மூன்றாவது மாடியில், ஃபுட் கோர்ட்டை ஒட்டி, கண்ணாடிக் கதவும் கண்திருஷ்டிக்கு மாட்டும் நீல மணித் தோரணமுமாக ஒரு துருக்கி கெபாப் கடை. பேர் வேண்டாம். போன சனிக்கிழமை அங்கே ஏமாந்துவிட்டு வந்திருக்கிறேன். அதில் பாதி என் வாய்க்கொழுப்பால் வந்தது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மதுரையிலிருந்து மச்சான் வந்திருந்தார். மகளை இங்கே காலேஜில் சேர்த்தாயிற்று. ஹாஸ்டலுக்குச் செருப்பு, பை எல்லாம் வாங்கி முடித்தபோது மணி ஒன்றரை. எதிரே பிரியாணிக் கடை இருந்தது, மச்சானுக்கு அதுவே போதும். நான்தான் விடவில்லை. நாலு வருடம் தோஹாவில் வேலை பார்த்தவன், வெள்ளிக்கிழமை தவறாமல் துருக்கிக் கடையில் தின்று பழகிய நாக்கு. "வாங்க மச்சான், நான் சொல்றேன்ல" என்று இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பரிமாறும் பையன்கள் எல்லார் தலையிலும் குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பி. அந்தத் தொப்பியைத் துருக்கியில் 1925-லேயே சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உட்கார்ந்து இரண்டு நிமிடம் ஆகவில்லை. ஆர்டர் சொல்வதற்கு முன்பே ஒரு தட்டு வந்தது. பூரி மாதிரி உப்பிய, எள் தூவிய ரொட்டி. பக்கத்தில் மூன்று குட்டிக் கிண்ணம்: தக்காளியும் மிளகாயும் கொத்திப் போட்டது, கொண்டைக்கடலை அரைத்த ஹம்முஸ், வெள்ளை வெளேரென்று பூண்டு சாஸ்.

"நாம இதைக் கேக்கலையே?" என்றாள் மனைவி.

"துருக்கிக் கடைன்னா இதெல்லாம் சும்மா வைப்பாங்க. தோஹாவுல ரொட்டி தீரத் தீரக் கொண்டாந்து வைப்பான்" என்றேன். பொய்யில்லை, நான் சாப்பிட்ட கடைகளில் அப்படித்தான். தட்டை வைத்த பையன் பக்கத்திலேயே நின்று சிரித்தான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பூண்டு சாஸை மனைவி யாரையும் தொடவிடவில்லை. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட சிறுமி இறந்துபோனதிலிருந்து அவளுக்கு இந்த வெள்ளைச் சமாச்சாரம் எதைப் பார்த்தாலும் பயம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டு தடை போட்டதும் அவளுக்கு நினைவிருந்தது. முட்டை இருக்கிறதா என்று கேட்டோம். ஒரு பையன் "நோ எக் மேடம்" என்றான். இன்னொருவன் கேட்டுவிட்டு வருவதாகப் போனவன், போனவன்தான்.

அச்சடித்த மெனு கிடையாது. மேஜையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை செல்போனில் ஸ்கேன் செய்ய வேண்டும். படம் படமாக வந்தது. எந்த அயிட்டத்துக்கும் எத்தனை துண்டு, எத்தனை கிராம் என்று இல்லை. "மிக்ஸ் கிரில் பிளாட்டர் எடுங்க சார், நாலு பேருக்குத் தாராளம்" என்றான் பையன். 1,890 ரூபாய். படத்தில் மரப்பலகை நிறையக் கறி. வந்தது என்னவோ பலகை நிறைய உருளைக்கிழங்கு ஃப்ரைஸும் மஞ்சள் சோறும். ஃப்ரைஸை ஒதுக்கி ஒதுக்கி மச்சான் எண்ணினார். கோழித் துண்டு ஆறு, கொத்துக்கறிக் கம்பி இரண்டு. "மாப்ள, கறியை எங்கயோ ஒளிச்சு வச்சிருக்காங்க, தேடுங்க" என்றார். கோழியில் ஒரு துண்டைப் பிய்த்தால் எலும்போரம் இளஞ்சிவப்பாக இருந்தது. அதைத் திருப்பி அனுப்பினோம். அதே துண்டு மைக்ரோவேவில் சுற்றிவிட்டு, விளிம்பெல்லாம் ரப்பராகத் திரும்பி வந்தது.

எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது இஸ்கெந்தரில்தான். துருக்கியில் புர்சா என்ற ஊரின் பண்டம் அது. அடியில் ரொட்டித் துண்டுகள், மேலே சுழலும் கம்பியிலிருந்து மெல்லிசாகச் சீவிய ஆட்டுக்கறி, அதன்மேல் தக்காளிச் சாறு, ஓரத்தில் கெட்டித் தயிர். கடைசியில் வெண்ணெயைப் பொங்கப் பொங்க உருக்கிக் கொண்டுவந்து கண்ணெதிரே ஊற்றுவார்கள், சொய்யென்று சத்தம் வரும். எங்கள் மேஜைக்கு வந்ததில் சத்தமே இல்லை. தயிர் இருக்க வேண்டிய இடத்தில் அதே வெள்ளை சாஸ், தக்காளிச் சாறு இருக்க வேண்டிய இடத்தில் கெட்சப். எழுந்து போய்க் கவுன்டரில் எட்டிப் பார்த்தேன். கம்பி சுற்றவில்லை, தீயும் எரியவில்லை. எப்போதோ சீவி எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்த கறியைத் தவாவில் பிரட்டித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இனி டோனர் என்று இப்படிக் கம்பியில் சுற்றிச் சீவும் கறி விற்கிற எந்தக் கடைக்குப் போனாலும் நான் உட்காருவதற்கு முன்னால் முதலில் பார்க்கப்போவது அந்தக் கம்பியைத்தான்.

மருமகள் கேட்டது சிக்கன் அதானா ராப். அதானா என்பதே ஆட்டுக்கறியையும் வால் கொழுப்பையும் கத்தியால் கையாலேயே கொத்தி, பட்டைக் கம்பியில் பிடித்துக் கரியில் சுடுவது. அதைச் சிக்கனில் செய்வது நாட்டுக்கோழியில் மட்டன் சுக்கா கேட்பது மாதிரி. நாட்டுக்கு நாடு மாற்றிக்கொள்வார்கள், அதைக்கூட விட்டுவிடலாம். அய்ரானை எப்படி விடுவது? தயிரும் தண்ணீரும் உப்பும், அவ்வளவுதான் அய்ரான். தாளிக்காத நீர்மோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அதில் சர்க்கரை போட்டிருந்தார்கள். ஒரு கிளாஸ் 165 ரூபாய் என்றதும் மச்சான் கிளாஸை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு, "சித்திரைத் திருவிழாவுல பந்தல் போட்டுச் சும்மா குடுக்குறாங்க, மாப்ள" என்றார்.

பிறகு பில். பிளாட்டர் 1,890. இஸ்கெந்தர் 695. ராப் 445. அய்ரான் மூன்று, 495. சாதாத் தண்ணீர் கேட்டதற்கு இல்லை என்று சொல்லித் திறந்து வைத்த பாட்டில் இரண்டு, 180. அதற்குக் கீழே "பிரெட் அண்ட் டிப்" 349. ஆக 4,054. அதன்மேல் "ஸ்டாஃப் வெல்ஃபேர்" 10 சதவீதம், 405 ரூபாய் 40 காசு. இரண்டையும் கூட்டி அந்தத் தொகைக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 4,682.

மனைவி ரொட்டி வரியில் விரலை வைத்து என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

மேனேஜரைக் கூப்பிட்டேன். தமிழ்க்காரர்தான், மரியாதையாகவே பேசினார். "ஸ்டாஃப் வெல்ஃபேர் சர்வீஸ் சார்ஜ் இல்ல சார், அது வேற. சிஸ்டத்துலயே வந்துடும், எடுக்க முடியாது."

இந்த இடத்தில்தான் நிறைய பேர் பர்ஸை எடுத்துவிடுகிறோம். பக்கத்து மேஜைக்காரர்கள் பார்க்கிறார்கள், கூட விருந்தாளி இருக்கிறார், நானூறு ரூபாய்க்கா சண்டை என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ஆம் தேதியே வழிகாட்டுதல் போட்டிருக்கிறது: ஹோட்டல்கள் சர்வீஸ் சார்ஜைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, அதைச் சாப்பாட்டுத் தொகையோடு கூட்டி அதன்மேல் ஜிஎஸ்டியும் போடக் கூடாது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது. இதை மேனேஜரிடம் சொல்லி, செல்போனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழுத்தி அவர் பார்க்கும்படி பிடித்தேன். எடுக்கவே முடியாது என்ற சிஸ்டத்திலிருந்து மூன்று நிமிடத்தில் புதுப் பில் வந்தது. 4,257.

ரொட்டிக் காசை மட்டும் அவர் விடவில்லை. "சாப்பிட்டுட்டீங்களே சார்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வைத்தபோதே "இதுக்குக் காசு உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தட்டு திரும்பிப் போயிருக்கும். நீங்கள் கேளுங்கள். தோஹா, துபாய் என்று அளந்துகொண்டு உட்காராதீர்கள். பையன் மேல் எனக்குக் கோபமில்லை. வைக்கச் சொன்னார்கள், வைத்தான். கிளம்பும்போது அவன் கையில் நூறு ரூபாய் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

மாலில் பார்க்கிங் 120 ரூபாய் தனி.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பில்லையும் படம் எடுத்து உதவி எண்ணில் புகார் பதிந்தேன். முதல் பில்லை அவர்கள் கேட்டபோது திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. நேற்று கடையிலிருந்து போன் வந்தது. வருந்துகிறார்களாம், அடுத்த முறை குடும்பத்தோடு வந்தால் ஒரு பிரெட் அண்ட் டிப் இலவசமாம்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் போட்டேன். ஹாஸ்டலிலிருந்து மருமகள் உடனே பதில் போட்டாள்: "மாமா, அது நிஜமாவே இலவசமான்னு இந்தத் தடவையாவது கேட்டீங்களா?"