பி-மதிப்பா, நம்பிக்கை இடைவெளியா?

ரத்த அழுத்த மருந்து ஒன்றின் ஆய்வு முடிவு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பி-மதிப்பு (p-value: மருந்துக்குப் பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாகத் தெரிவதற்கான வாய்ப்பு) 0.05-க்குக் கீழே இருந்தால், 'பலனே இல்லை' என்ற அனுமானத்தோடு தரவு அவ்வளவாகப் பொருந்தவில்லை என்று தெரியும். எவ்வளவு பலன் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

95% நம்பிக்கை இடைவெளி (confidence interval: தரவோடு பொருந்திப்போகும் சராசரிப் பலன்களின் வரம்பு) அந்தக் கேள்விக்குத்தான் பதில் தருகிறது. சராசரிக் குறைவு 8 மி.மீ. பாதரசம், இடைவெளி 1 முதல் 15 வரை என்றால், 8-ஐ மட்டும் நம்பி மருந்துச்சீட்டு எழுதிவிடக் கூடாது. உண்மைப் பலன் வெறும் 1 ஆகவும் இருக்கலாம். அதற்காகவா நோயாளி தலைசுற்றலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்? இன்னொரு மருந்துக்குச் சராசரி 5, இடைவெளி 4 முதல் 6 வரை என்றால், நான் அதையே தேர்ந்தெடுப்பேன். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இந்த இடைவெளி சராசரியைப் பற்றியது. எதிரே அமர்ந்திருக்கும் ஒருவருக்குக் கிடைக்கும் பலன் அதற்கு வெளியேயும் போகலாம்.