ஆடி ஆஃபரில் புக்கெட் டூர் புக் பண்ணப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆடித் தள்ளுபடி துணிக்கடையோடு நின்றுவிடவில்லை. திருப்பூர், ஈரோடு, கோவை பக்கம் இப்போது டூர் ஏஜென்ட்டுகளும் ஆடி ஆஃபர் போடுகிறார்கள். கல்யாணம் காட்சி இல்லாத மாதம், சொந்தபந்தம் எல்லாம் சும்மாதான் இருப்பார்கள் என்ற கணக்கு. அப்படி தாய்லாந்தின் புக்கெட் தீவுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்கள், கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் அப்படிக் குடும்பத்தோடு போய்விட்டு வந்தவர்கள். அங்கே மழைக்காலமாச்சே என்று ஏஜென்ட் ஆபீசில் வைத்தே என் மாமனார் கேட்டார். "அதெல்லாம் பயப்படாதீங்கய்யா. அரை மணி நேரம் பேஞ்சு விட்டுருமுங்க, அப்புறம் வெயிலுதான். சீசன் இல்லாததால கூட்டமும் இருக்காதுங்க" என்றார் அந்த ஆள். இரண்டுமே பொய்.

புக்கெட்டின் பேர்போன பீச்சுகள் எல்லாம் மேற்குக் கரையில், அந்தமான் கடலைப் பார்த்து இருக்கின்றன. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை நேராக அங்கேதான் வந்து மோதும். இங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே பருவக்காற்றுதான். நமக்கு மழையை மலைக்கு அந்தப்பக்கமே இறக்கிவிட்டுக் காற்று மட்டும் வருகிறது. அவர்களுக்கு மொத்தமாக வருகிறது. பட்டோங் பீச்சில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள், தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அர்த்தம். கொடியைப் பார்த்தபடி கரையில் குடை பிடித்து நின்றதுதான் எங்கள் பீச். "பேசாம ஆடிப் பதினெட்டுக்குக் கொடுமுடி போயிருந்தாக் காவிரியிலயாவது முழுகியிருக்கலாம்" என்று மாமியார் சொன்னதற்கு யாரிடமும் பதில் இல்லை.

கூட்டமும் குறையவில்லை. கடலில் இறங்க முடியாதவர்கள் எல்லாம் வேறு எங்கே போவார்கள்? மசாஜ் கடை, மால், பார்கள் வரிசையாக இருக்கிற பாங்லா ரோடு. "பீச் பக்கத்து ரூம்" என்று சொல்லிக் கொடுத்த அறை அந்த ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவரும் ஏசி பெட்டிகளும். விடியும் வரை பாட்டுச் சத்தம். துவைத்துப் போட்ட துண்டு கிளம்புகிற வரைக்கும் காயவில்லை.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். மழைக்கு ஏஜென்ட் என்ன செய்வார்? ஆனால் ஃபி ஃபி தீவு விஷயம் அப்படியில்லை.

ஏஜென்ட் கொடுத்த நோட்டீசில் பாதிப் பக்கத்துக்கு, ஃபி ஃபி தீவுகளில் இருக்கிற மாயா பே என்ற கடற்கரையின் படம் போட்டிருந்தது. வெள்ளை மணலில் வரிசையாகப் படகுகள் நிற்கிற படம். ஒரு ஹாலிவுட் படம் அங்கே எடுத்த பிறகு கூட்டம் தாங்காமல் பவளப்பாறைகள் கெட்டுப்போய், அந்த இடத்தை 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அதிலிருந்து படகு உள்ளே வரவே கூடாது, தீவின் பின்பக்கம் இறங்கி நடந்து வர வேண்டும். அப்படியானால் மணலில் படகு நிற்கிற அந்தப் படம் எவ்வளவு பழையது என்று பாருங்கள். அதைவிட முக்கியம், வருடா வருடம் ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 30 வரை மாயா பேயை மூடிவிடுகிறார்கள். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மூடல்தான். ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் தொடக்கத்தில் வரும். பதினெட்டை ஒட்டி எங்களுக்கு டிக்கெட் போட்ட ஏஜென்ட்டுக்கு இது தெரியாதா?

நாங்கள் போன அன்று ஸ்பீட் போட்டின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் திரையை இறக்கிவிட்டிருந்தார்கள். அதில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு அலைக்கும் படகு தூக்கிப் போட்டதில் மாமனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். நடுவில் கைடு திரையைக் காட்டி "மாயா பே! ஃபோட்டோ! ஃபோட்டோ!" என்று கத்தினார். திரைக்கு அந்தப்பக்கம் சாம்பல் நிறத்தில் ஏதோ மலை மாதிரி தெரிந்தது. அவ்வளவுதான், படகு திரும்பிவிட்டது. "எல்லாம் சேர்த்து" என்று வாங்கிய பேக்கேஜில் தேசியப் பூங்கா கட்டணம் சேராதாம். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆளுக்குத் தாய்லாந்துப் பணத்தில் 400 பாட், படகுத்துறையில் தனியாக வாங்கினார்கள்.

மறுநாள் "சிட்டி டூர்". நகைக்கல் கடை, தேன் கடை, முந்திரிக் கடை என்று ஒவ்வொன்றாக இறக்கிவிட்டார் டிரைவர். வாங்காமல் வெளியே வந்தால் வேனில் ஏசி போட மாட்டார். கமிஷன் போச்சே என்ற கோபம். சத்தியமங்கலம் மலைத்தேனும் பண்ருட்டி முந்திரியும் சாப்பிடுகிறவர்களிடம் இதை விற்கப் பார்க்கிறார்களே என்று என் மச்சான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஆடி, ஆவணியில் தாய்லாந்து போயே தீர வேண்டும் என்றால் கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் இருக்கிற கோ சாமுய் பக்கம் கேளுங்கள். அங்கே பெருமழை அக்டோபருக்கு மேல்தான். புக்கெட்தான் என்றால் கார்த்திகைக்குப் பிறகு போங்கள். சிமிலான் தீவுகளைக் காட்டுகிறேன் என்று யாராவது ஆடியில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை அதுவும் மூடியிருக்கும்.

இன்னொன்று பணக் கணக்கு. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று வரி பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் கட்டப்பட்டு, உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் வர வேண்டும், வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். எங்கள் பில்லில் டிசிஎஸ் என்று ஒரு தொகை இருந்தது. தீபாவளி முடிந்து ஆடிட்டர் பார்த்தபோது 26ஏஎஸ்ஸில் எதுவும் இல்லை. ஏஜென்ட்டுக்குப் போன் போட்டால் "அக்கவுண்ட்ஸ்ல கேட்டுச் சொல்றேனுங்கண்ணா" என்றார். இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிந்தேன். ஏஜென்ட் அதற்கும் அசையவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். ஏஜென்ட் ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். பில், வாட்ஸ்அப்பில் பேசியது எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. மச்சான் அந்த நோட்டீசையும் கசங்காமல் வைத்திருக்கிறான். படத்துக்குக் கீழே "மாயா பே கரையில் 1 மணி நேரம்" என்று தெளிவாக அச்சடித்திருக்கிறது.